இன்னும் வராதவருக்கு ஓர் இடம்

நம் ஊர்களில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்று சுற்றிப் பார்த்தாலும் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். தூண்களின் தலையிலிருந்து இரும்புக் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். வீடு முடிந்து, கிரகப்பிரவேசம் நடந்து பல வருஷங்கள் ஆகியிருக்கும். கம்பிகள் மட்டும் முடிவு பெறாமல் நிற்கும். "பின்னால் மாடி எடுத்தால் உதவும்" என்று கொத்தனாரிடம் சொல்லி விட்டு வைத்தவை அவை. மழையில் நனைந்து துருப்பிடித்து, துணிக்கொடி கட்டுவதற்கு உதவிக்கொண்டு, இன்னும் வராத யாருக்காகவோ அவை காத்திருக்கும்.

என் நண்பர் ஒருவருடைய வீட்டிலும் அப்படி ஆறு தூண்கள் உண்டு. 22 வருஷங்களுக்கு முன் மகனுக்காக என்று விட்ட இடம் அது. மகன் படித்து, வேலைக்குப் போய், வேறு ஊரில் வீடு வாங்கி அங்கேயே நிலைத்துவிட்டான். பெண் இரண்டு வருஷமாகக் குழந்தையுடன் பிறந்த வீட்டில் இருக்கிறாள். காரணம் இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். கூடத்தின் ஒரு மூலையில் பாயை விரித்துப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். மாடியில் ஓர் அறை போட்டுக்கொள்ளட்டுமா என்று அவள் கேட்டாளாம். "அது உன் அண்ணனுக்கென்று விட்ட இடம் அம்மா. குறுக்கே ஓர் அறையைப் போட்டுவிட்டால் அப்புறம் மாடி எழும்பாது" என்று நண்பர் சொல்லிவிட்டார்.

நண்பர் ஈரமில்லாதவர் அல்லர். மகளுக்காக இரவில் தூக்கமில்லாமல் புரள்கிறவர்தான். ஆனால் வருங்காலத்துக்கு அவர் ஒரு முறை இடம் ஒதுக்கிவிட்டார். ஒதுக்கிய இடத்தில் ஒரு பெயரையும் எழுதிவிட்டார். அந்தப் பெயருக்கு உரியவன் வரவில்லை. வந்தவளோ வேறு பெயர்க்காரி.

விடுமுறையில் வந்திருந்த அந்த மகனோடு ஒரு மாலைப் பொழுது அதே மாடியில் பேசிக்கொண்டிருந்தேன். கம்பி ஒன்றை விரலால் தட்டிக்கொண்டே அவன், "மாமா, எங்கள் தொழிலில் பாதி இந்தக் கம்பியைப் பற்றிய யோசனைதான்" என்றான்.

தரவு மையங்களுக்கு வலைப்பின்னல் அமைப்பது அவன் தொழில். அன்று அவன் சொன்னதையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து அசை போட்டபோது, இது இஞ்சினீயர்களோடு முடிந்துபோகிற விஷயம் அல்ல என்று தோன்றியது. இன்னும் வராதவருக்கு, இருக்கிறவர்கள் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறார்கள்? அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது? கேள்வி பழையது. அதை அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் புதிது.

தரவு மையம் என்பதைக் கம்ப்யூட்டர்கள் குடியிருக்கும் ஊர் என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய கூடங்களில், வரிசை வரிசையாக அலமாரிகளில், ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் இரவு பகலாக விழித்திருக்கின்றன. நாம் கையிலுள்ள போனில் ஒரு சொல்லைத் தட்டித் தேடினால், பதில் சொல்வது ஒரே இயந்திரம் அல்ல. ஒன்று இன்னொன்றைக் கேட்கிறது. அது வேறு நூறைக் கேட்கிறது. எல்லாம் கலந்து பேசிக் கண் இமைப்பதற்குள் ஒரு விடையைத் தருகின்றன. ஆகவே அந்த ஊரில் வீடுகளைப் போலவே தெருக்களும் முக்கியம். தெருக்கள் கூடும் சந்திகளில் இருக்கும் பெட்டிக்கு சுவிட்ச் என்று பெயர். சுவரில் விளக்குப் போடுகிற சுவிட்ச் அல்ல. தபாலாபீஸில் கடிதங்களைப் பிரித்து அந்தந்தப் பைக்குள் போடுகிறவரைப் போன்றது அது.

இந்த ஊருக்கு ஒரு குணம் உண்டு. இது வளர்வதை நிறுத்துவதில்லை. இந்த மாதம் நாற்பது அலமாரிகள் வரும்; அடுத்த வருஷம் நானூறு வரலாம், வராமலும் போகலாம். புது இயந்திரங்கள் வருகின்றன என்பதற்காக ஒரு நாள் கடையடைப்புச் செய்யவும் முடியாது. குடியிருந்துகொண்டே வீட்டை இடித்துக் கட்டுகிற வேலை இது. அந்தச் சிரமத்தை அனுபவித்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள்.

முதலில் இருந்த வழி நமக்கு நன்றாகப் பழக்கமான வழிதான். கீழே சின்னப் பெட்டிகள். அவற்றுக்கு மேலே நடுத்தரப் பெட்டிகள். உச்சியில் ஒரே ஒரு ஜோடி மகா பெரிய பெட்டி. ஊரில் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குப் பேசினாலும் அந்தப் பெரியதனக்காரர் வாசலை மிதித்துத்தான் போக வேண்டும். ஊர் வளர்ந்தால் பெரியதனக்காரரை மாற்றி, அவரிலும் பெரியவரைக் கொண்டுவர வேண்டும். அவருடைய விலையோ ஊரின் வளர்ச்சியைக் காட்டிலும் வேகமாக ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல், எவ்வளவு பணம் கொடுத்தாலும் அவ்வளவு பெரியவர் உலகத்திலேயே கிடைக்கமாட்டார்.

இதற்கு மாற்று, கம்ப்யூட்டர்களைப் பற்றிய பேச்சே அதிகம் இல்லாத காலத்தில், டெலிபோன்காரர்களிடம் பிறந்தது. பெல் லாபரட்டரீஸைச் சேர்ந்த சார்லஸ் க்ளோஸ் என்பவர் 1953-ல் ஒரு கட்டுரை எழுதினார். நூறு பேரை நூறு பேரோடு இணைக்கும் ஒரே பலகை வேண்டுமானால் அதில் 100 பெருக்கல் 100, அதாவது 10,000 இணைப்புப் புள்ளிகள் வேண்டும். அந்த ஒரே பலகைக்குப் பதிலாகச் சின்னச் சின்னப் பலகைகளை மூன்று வரிசைகளாக அடுக்கினால் 5,700 புள்ளிகளே போதும் என்று அவர் காட்டினார். கூட்டம் பெருகப் பெருக ஆதாயமும் பெருகும். 10,000 பேருக்கு ஒரே பலகை என்றால் 10 கோடிப் புள்ளிகள். அவர் வழியில் 59,70,000. பெரியதனக்காரர் ஒருவர் செய்த வேலையை, சாமானியர்கள் பலர் ஒழுங்காக நின்று செய்துவிடலாம் என்பதே இதன் பொருள்.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது அந்தச் சிக்கனம் அல்ல. அதற்குள் இருந்த வேறொரு கணக்கு. பத்துப் பத்துப் பேராகக் குழுக்கள் இருக்கின்றன. குழுவுக்கும் குழுவுக்கும் நடுவில் எத்தனை பலகைகள் இருந்தால், யாரும் யாரையும் எப்போதும் தடையின்றி அழைக்கலாம்? க்ளோஸ் மிகவும் மோசமான வேளையை நினைத்துப் பார்த்தார். நான் பேச நினைக்கும் நேரத்தில் என் குழுவில் மற்ற ஒன்பது பேரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்பது நடுப் பலகைகள் போயின. நான் அழைக்கும் மனிதருடைய குழுவிலும் மற்ற ஒன்பது பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வேறு ஒன்பது நடுப் பலகைகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகப் பதினெட்டு. அப்படிப்பட்ட வேளையிலும் எனக்கு வழி வேண்டுமானால் இன்னும் ஒன்று இருக்க வேண்டும். ஆகவே 19.

அந்தப் பத்தொன்பதாவது பலகை மற்ற வேளைகளில் சும்மா இருப்பதுபோல் தோன்றும். கணக்குப்பிள்ளை ஒருவர் வந்து பார்த்தால் வீண் செலவு என்று அடித்துவிடுவார். ஆனால் எல்லா வழியும் அடைபட்ட நேரத்தில் கடைசியாக வந்து நிற்கும் ஒருவருக்கு அதுதான் வாசல். தர்மம் என்றதும் நாம் தாராளமான மனத்தை நினைக்கிறோம். இங்கே தாராளம் ஏதும் இல்லை. கடைசியில் வருகிறவரையும் மனிதராக எண்ணிக் கூட்டிப் பார்த்தால், கணக்கே அந்த ஒன்றைக் கேட்கிறது. அவரை எண்ணாமல் விட்டால்தான் அது வீணாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர் 19 என்றார்; 190 என்று சொல்லவில்லை. இடம் விடுவதற்கும் அளவு உண்டு.

க்ளோஸின் எண்ணம் பிற்காலத்தில் தரவு மையத்துக்கு வந்து சேர்ந்தது. 1985-ல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சார்லஸ் லீஸர்ஸன், அடிமரத்தை நெருங்க நெருங்கக் கிளை பருப்பது போல வழிகளும் பருத்துச் செல்லும் ஓர் அமைப்பைக் கம்ப்யூட்டர்களுக்காக வகுத்தார். 2008-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஸான் டியேகோ வளாகத்தில் முகமது அல் பேர்ஸ், அலெக்ஸாண்டர் லூக்கிஸாஸ், அமீன் வாதாத் என்ற மூவரும், கடையில் கிடைக்கும் ஒரே மாதிரியான சாதாரண சுவிட்சுகளை வைத்தே அப்படி ஒரு மரத்தைக் கட்டலாம் என்று காட்டினார்கள். ஒரு சுவிட்சில் 48 போர்ட்டுகள், அதாவது கேபிள் செருகும் 48 இடங்கள் இருந்தால், 27,648 இயந்திரங்களை நெரிசலில்லாமல் இணைத்துவிடலாம். உச்சியில் இருப்பதும் அடியில் இருப்பதும் ஒரே விலைப் பெட்டி. சமத்துவம் இவ்வளவு மலிவாக வேறெங்கும் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அழகான அமைப்புதான். ஆனால் அதன் அழகே அதற்கு ஒரு விலங்கு. 24 போர்ட் என்றால் முழு வடிவம் 3,456 இயந்திரங்களுக்கு. 48 என்றால் 27,648-க்கு. இடையிலே ஒரு தொகையில் நின்றுகொள்ள விரும்பினால் வடிவம் குறைப்பட்டு நிற்கும். பாதியில் தொடங்கிப் பிறகு நிரப்பலாம் என்றால், உச்சிப் பகுதியை முதல் நாளே முழு அளவுக்குத் திட்டமிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் கேபிள்களையெல்லாம் பிடுங்கி மாற்ற வேண்டும். பூரணமான பொருளில் புதியவர் நுழையச் சந்து இருப்பதில்லை. மாடிக் கம்பியின் கதை இங்கே மறுபடியும் தலைகாட்டுகிறது. எவ்வளவு வளர்வோம் என்பதை இன்றே சொல்லிவிட்டால் இடம் விடலாம். ஆனால் யாரால் சொல்ல முடியும்?

2012-ல் வேறு நால்வர், அங்கித் ஸிங்லா, சி-யாவ் ஹாங், லூசியன் போப்பா, பிரைட்டன் காட்ப்ரே என்பவர்கள், வடிவமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சுவிட்சுகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் மனம் போனபடி இணைத்துவிடுங்கள் என்றார்கள். எந்தப் பக்கமும் நெளிந்து வளரும் அந்த அமைப்புக்கு ஜெல்லி மீன் என்று பெயர் வைத்தார்கள். அதில் புதிதாக ஒரு சுவிட்சைச் சேர்க்கும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏற்கெனவே இணைந்திருக்கும் இரண்டு பெட்டிகளைப் பார்க்க வேண்டியது. அவற்றுக்கு நடுவே இருக்கும் கேபிளைக் கழற்ற வேண்டியது. விடுபட்ட இரு முனைகளையும் புதிதாக வந்த பெட்டியோடு இணைக்க வேண்டியது. இப்படியே வேறு சில ஜோடிகளிடமும் செய்தால் புதியவருக்கு வேண்டிய உறவுகள் அமைந்துவிடும்.

குழந்தைகள் கைகோத்து வட்டமாக நின்று ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். தாமதமாக ஒரு குழந்தை ஓடி வருகிறது. இருவர் கையை விடுகிறார்கள். வந்த குழந்தையின் இரண்டு கைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொள்கிறார்கள். விட்டவர்களுக்கு நஷ்டம் என்ன? முன்பும் இரண்டு கை பிடித்திருந்தார்கள், இப்போதும் இரண்டு கை பிடித்திருக்கிறார்கள். வட்டம்தான் பெரிதாகிவிட்டது. முன்கூட்டி இடம் விட்டு வைக்கவில்லை. வந்தபோது நெகிழ்ந்து கொடுத்தார்கள். இந்தக் குலுக்கல் முறை தாறுமாறாகப் போய்விடும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் அந்த நால்வரின் கணக்குப்படி, அதே சாமான்களை வைத்துக்கொண்டு, மர அமைப்பைக் காட்டிலும் நூற்றுக்கு 25 வரை கூடுதலான இயந்திரங்களுக்கு முழு வேகத்தில் இடம் கொடுக்க முடிந்தது. வழிகள் பல திசைகளிலும் குறுக்கே ஓடுவதால், சராசரியாகப் போக வேண்டிய தூரம் குறைந்துவிடுகிறது.

நெகிழ்வுதான் தர்மம் என்று இங்கே கட்டுரையை முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தப் பையன் விடவில்லை. "மாமா, ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கேபிள் கெட்டுப்போனால், டார்ச்சை எடுத்துக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவில் போகிறவனையும் நினைத்துப் பாருங்கள்" என்றான். ஒழுங்கான அமைப்பில் எந்தக் கேபிள் எங்கே போக வேண்டும் என்பதைப் பார்த்தவுடனே சொல்லலாம். குலுக்கல் அமைப்பில் வரைபடம் இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. மேலே உட்கார்ந்து திட்டமிடுகிறவருக்குக் கிடைக்கிற சுதந்திரம், கீழே குனிந்து வேலை செய்கிறவரின் முதுகில் சுமையாக ஏறலாம். பெரிய நிறுவனங்கள் பலவும் க்ளோஸ் காட்டிய ஒழுங்கான வழியிலேயே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். ஒழுங்கு என்பது அதிகாரத்தின் ஆசை மட்டும் அல்ல. அது அடுத்த ஷிப்டுக்கு வருகிறவருக்கு நாம் எழுதி வைத்துப் போகும் கடிதமும் ஆகும்.

ஒழுங்காகவும் இருக்க வேண்டும், நெகிழவும் வேண்டும் என்றால் என்ன செய்வது? இதற்கு ஒரு விடையை, கூகிள் நிறுவனத்தார் ஜூப்பிட்டர் என்ற தங்கள் வலைப்பின்னலைப் பற்றி 2022-ல் வெளியிட்ட கட்டுரையில் பார்த்தேன். அவர்களும் பல வருஷங்கள் க்ளோஸ் வழியில்தான் கட்டினார்கள். இயந்திரக் கூட்டங்கள் ஒரு பக்கம். அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் நடு வரிசை மறு பக்கம். நடு வரிசையை முதலிலேயே போட்டுவிட வேண்டும். போட்ட காலத்தில் அதன் வேகம் 40 கிகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வருஷங்களில் 100 கிகாபிட் வேகமுள்ள புதுக் கூட்டங்கள் வருகின்றன. அவற்றில் இரண்டு தமக்குள் பேசிக்கொள்ள வேண்டுமானாலும் நடு வரிசை வழியாகத்தானே பேச வேண்டும்? ஆகவே அந்தப் புதியவை இரண்டும் 40 கிகாபிட்டில்தான் பேச முடியும். முதலில் வந்தவருடைய வேகம் பின்னால் வருகிறவர்கள் எல்லாருக்கும் விதியாகிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. குடும்பத்தில் நடுவில் உட்கார்ந்துகொண்டு, எல்லாப் பேச்சும் தன் வழியாகவே போக வேண்டும் என்று எதிர்பார்க்கும் பெரியவர்களை நான் அறிவேன். அவர்களுக்கு யாரிடமும் விரோதம் கிடையாது. தங்கள் காலத்து வேகத்தை உலகத்தின் வேகம் என்று எண்ணிவிடுகிறார்கள், அவ்வளவுதான். கதை எழுதுகிறவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. 40 கிகாபிட் வரிசையில் என் பெயரையும் யாராவது சேர்த்தால் நான் வழக்காடமாட்டேன்.

கூகிள்காரர்கள் அந்த நடு வரிசையையே எடுத்துவிட்டார்கள். அதன் இடத்தில் கண்ணாடிகளை வைத்தார்கள். கண்ணாடி இழை வழியாக வரும் ஒளி, மிக நுண்ணிய கண்ணாடிகளின் மேல் விழுகிறது. கண்ணாடி சற்றே திரும்பினால் ஒளி வேறொரு கூட்டத்துக்குப் போகிறது. புதுக் கூட்டம் ஒன்று வந்தால், பழைய கூட்டங்களுக்கு இடையே இருந்த இணைப்புகளில் சிலவற்றைக் கண்ணாடியைத் திருப்பியே அதற்கு மாற்றிக் கொடுத்துவிடலாம். கையை விட்டுக் கை கோக்கும் அதே விளையாட்டு. ஆனால் இப்போது யார் கை யாரிடம் என்பதற்கு ஒழுங்கான கணக்கு இருக்கிறது. மாற்றுவதற்கு முன் அந்த வழியே போகும் போக்குவரத்தை வேறு வழியில் திருப்பிவிட்டு, ஓட்டம் வற்றிய பிறகுதான் இணைப்பை மாற்றுகிறார்கள். பிறகு சோதித்துப் பார்த்து, ஓட்டத்தைத் திரும்ப விடுகிறார்கள். உறவுகளை மாற்றியமைக்க நேர்கிற எந்தக் குடும்பமும் இந்த வரிசைமுறையைக் கவனிப்பது நல்லது.

அவர்களே வெளியிட்ட கணக்கின்படி, பழைய முறையோடு ஒப்பிட வேகமும் கொள்ளளவும் ஐந்து மடங்கு. மூலதனச் செலவில் நூற்றுக்கு 30-ம், மின்சாரத்தில் நூற்றுக்கு 41-ம் மிச்சம். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. இந்த ஏற்பாட்டில் பழைய கூட்டத்தை யாரும் தூக்கி எறியவில்லை. அது தன் வேகத்தில் எல்லாரோடும் பேசிக்கொண்டு மரியாதையாக வாழ்கிறது. புதியவர் இருவர் பேசும்போது மட்டும் அதன் வேகம் குறுக்கே வருவதில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிகளை எத்தனை வைப்பது என்பதை இவர்களும் முதல் நாளே தீர்மானிக்கத்தான் செய்கிறார்கள். கம்பி விடாமல் இவர்களாலும் கட்ட முடியவில்லை. ஆனால் கண்ணாடிக்கு என்று ஒரு வேகம் கிடையாது. அது தன்மேல் விழும் ஒளியை 40-ஆ, 100-ஆ என்று விசாரிப்பதில்லை. வந்ததை வந்தபடியே அனுப்பிவைக்கிறது. இடம் விட்டார்கள், அந்த இடத்தில் தங்கள் காலத்தின் அளவைப் பொறிக்காமல் விட்டார்கள். நான் தேடிய விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வராதவருக்கு நாம் பட்ட கடன், அவர் எப்படி இருப்பார் என்று ஊகித்து அதற்கேற்ற கூடு செய்து வைப்பது அன்று. அவர் எப்படி வந்தாலும் நம் அளவு அவரை இறுக்காதபடி பார்த்துக்கொள்வது.

ஓர் ஆட்சேபம் எழலாம். இப்படி வளர்ந்துகொண்டே போவதுதான் நியாயமா? 2024-ல் உலகம் செலவிட்ட மின்சாரத்தில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு தரவு மையங்களுக்கே போயிற்று என்று சர்வதேச எரிசக்தி அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. ஆட்சேபம் சரியானதே. வளர இடம் விடுவது வேறு. வளர்ந்தே தீர வேண்டும் என்பது வேறு. முன்னது வருகிறவருக்குச் செய்யும் மரியாதை. பின்னது இருக்கிறவருடைய பசி. இரண்டும் ஒரே வார்த்தையைப் பேசுவதால் நாம் ஏமாந்துபோகக் கூடாது. அதற்காகத்தான் அந்தப் பத்தொன்பதை நான் மறக்காமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் நண்பரும் மாடிக்கு வந்தார். கீழே கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மகன் தகப்பனாரைப் பார்த்து, "அப்பா, நீங்கள் கம்பி விட்டது சரிதான். அதிலே என் பேரை எழுதாமல் இருந்திருக்கலாம். வரவேண்டியவர் வந்து இரண்டு வருஷம் ஆயிற்று" என்றான்.

நண்பர் பதில் சொல்லவில்லை. கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

சென்ற வாரம் அவரைப் பார்த்தபோது கொத்தனார் வந்து போனதாகச் சொன்னார். ஓர் அறைக்கு நாலு தூண் போதுமாம். மீதி இரண்டு தூண்களின் கம்பிகளை என்ன செய்வது, அறுத்துவிடட்டுமா என்று கொத்தனார் கேட்டிருக்கிறார்.

"இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்" என்றார் நண்பர். யாருக்காக என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.